வார்டில் ஒன்பது வருஷம், கையில் டிப்ளமா

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் தங்கை மகள் வீட்டுக்கு வந்தாள். இங்கே தில்லியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். திருநெல்வேலிப் பக்கம் ஜி.என்.எம். டிப்ளமா முடித்தவள். கல்யாணமாகி இங்கு வந்து ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறாள். இரண்டு குழந்தைகள். வந்தவள் காபியைக் கூட முழுதாகக் குடிக்கவில்லை. பையிலிருந்து வழவழப்பான ஒரு விளம்பர மடலை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"மாமா, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. இது செல்லுமா, செல்லாதா?"

வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் பி.எஸ்சி. நர்சிங். வகுப்புக்குப் போக வேண்டாம், ஆஸ்பத்திரிப் பயிற்சி வேண்டாம், வேலையை விட வேண்டாம். பதினெட்டு மாதத்தில் பட்டம் கையில். கட்டணம் ஒரு லட்சத்து எண்பதாயிரம், மூன்று தவணை. ஏஜெண்டின் செல்பேசி எண் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. பல்கலைக்கழகத்தின் பெயர் மிகச் சிறிய எழுத்தில், கண்ணாடி போட்டும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

ஏன் இந்த அவசரம் என்று கேட்டேன். அவள் சொன்ன காரணம் எளிமையானது. இரண்டு வருஷத்துக்கு முன் அவள் வார்டில் ஒரு பெண் சேர்ந்தாள். இருபத்திரண்டு வயது, நான்கு வருஷ பி.எஸ்சி. நர்சிங் முடித்தவள். நல்ல பெண்தான். கேனுலா போடக் கை நடுங்கும், பக்கத்தில் நின்று பழக்கிவிட்டது இவள். போன மாதம் அந்தப் பெண்ணை வார்டுக்கு இன்சார்ஜ் ஆக்கிவிட்டார்கள். நிர்வாகத்திடம் போய்க் கேட்டதற்கு, "நீங்கள் டிப்ளமாதானே" என்று பதில் வந்ததாம்.

இந்த வார்த்தை எனக்கும் பழக்கமானதுதான். நான் சிவில் இன்ஜினியரிங் டிப்ளமா படித்து 1983-ல் ரயில்வேயில் சேர்ந்தவன். பி.டபிள்யூ.ஐ. என்று அப்போது சொல்வார்கள், தண்டவாளப் பாதையைப் பராமரிக்கும் உத்தியோகம். டிப்ளமாக்காரன் வேலையிலிருந்தபடியே பட்டத்துக்கு நிகரான தகுதி பெற அன்று ஒரு வழி இருந்தது. 1920-ல் தொடங்கிய இன்ஜினியர்கள் நிறுவனம் நடத்திய ஏ.எம்.ஐ.இ. தேர்வு. செக்‌ஷன் ஏ, செக்‌ஷன் பி என்று இரண்டு பகுதி. வகுப்பு கிடையாது, நாமே படித்து எழுத வேண்டும். வருஷத்தில் இரண்டு முறை தேர்வு, கோடையில் ஒன்று, குளிர்காலத்தில் ஒன்று. தண்டவாளத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதிலுள்ள வேடிக்கை புரியும். டிசம்பர் குளிரில் இரும்பு சுருங்கும், வெல்டிங் போட்ட இடங்கள் விட்டுப்போகும், பனிமூட்டத்தில் இரவு ரோந்து. ஜூன் வெயிலில் இரும்பு நீளும், பாதை பக்கவாட்டில் நெளியும், பகல் ரோந்து. எங்களுக்கு மூச்சு விட நேரமில்லாத இரண்டு பருவத்திலும்தான் பரீட்சை வரும். நான் செக்‌ஷன் ஏ முடிக்க ஐந்து வருஷமாயிற்று. செக்‌ஷன் பி-யில் மூன்று பேப்பர் பாக்கி இருக்கும்போது, 1995-ல், புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டேன். பிறகு பட்டதாரிப் பிள்ளைகள் நேராக செக்‌ஷன் இன்ஜினியராக வந்தார்கள். அவர்களுக்கு லைனைக் காட்டிக் கொடுத்தவன் நான். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த மூன்று பேப்பர் இன்றைக்கும் சில ராத்திரிகளில் ஞாபகம் வரும்.

அதனால்தான் அவளிடம் "வேண்டாம்" என்று உடனே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு வாரம் டைம் கேட்டுக்கொண்டு, தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தேன்.

முதல் கேள்விக்குப் பதில் சுலபமாகக் கிடைத்துவிட்டது. செல்லாது. தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாத படிப்புகள் என்று பல்கலைக்கழக மானியக் குழு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. மருத்துவம், பல் மருத்துவம், பொறியியல், பார்மசி ஆகியவற்றோடு நர்சிங்கும் அதில் இருக்கிறது. இன்னொரு விஷயம். நர்ஸுக்குப் பட்டச் சான்றிதழ் மட்டும் போதாது, மாநில நர்சிங் கவுன்சிலில் அது கூடுதல் தகுதியாகப் பதிவாக வேண்டும். பதிவாகாத பட்டத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டலாம். அதைக் காட்டி இன்சார்ஜ் ஆக முடியாது, அரசு வேலைக்கு மனுப் போட முடியாது, எம்.எஸ்சி. சேர முடியாது.

இதில் எங்கள் இன்ஜினியரிங் உலகம் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதியில்லாமல் தபால் வழியில் பொறியியல் பட்டம் கொடுத்து வந்தன. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் மறுபடியும் ஒரு தேர்வு எழுதித் தேற வேண்டும், அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து. அந்தப் பட்டத்தை வைத்து வாங்கிய பதவி உயர்வும் அதோடு போயிற்று. படித்தவர்களில் பலர் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. நிஜமாகவே சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பணம் கட்டி, ராத்திரியில் கண் விழித்துப் படித்தவர்கள். தவறு செய்தவர்கள் நடத்தியவர்கள், தண்டனை படித்தவர்களுக்கு. ஆகவே, அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெண்ணிடமும் இப்படி ஒரு மடல் வந்திருந்தால் தயவுசெய்து முதல் தவணையைக் கட்டிவிடாதீர்கள். கட்டியாகிவிட்டது என்றால் இரண்டாவதையாவது நிறுத்துங்கள்.

இதோடு முடித்துவிட்டால் என் கடமை தீர்ந்தது என்றுதான் நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்பது வருஷம் வேலை பார்த்த ஒரு நர்ஸ் ஏன் ஏஜெண்டைத் தேடிப் போகிறாள் என்று யாராவது கேட்க வேண்டாமா?

அவளுக்கு நேரான வழி இல்லாமல் இல்லை. டிப்ளமா முடித்துப் பதிவு பெற்ற நர்ஸ் 'போஸ்ட் பேசிக்' பி.எஸ்சி. நர்சிங் சேரலாம். கல்லூரியில் இரண்டு வருஷம், முழுநேரம். அரசு நர்ஸ் என்றால் படிப்பு விடுப்புக்கு வழி உண்டு. தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுக்கு அது ஏது? இரண்டு வருஷம் சம்பளம் நிற்கும், திரும்பி வரும்போது அதே வேலை இருக்கும் என்ற நிச்சயமும் கிடையாது. தில்லியில் வாடகை கொடுத்து, இரண்டு குழந்தைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டும் வீட்டில் இது நடக்கிற காரியமில்லை.

தனியார் நர்ஸின் சம்பளம் பற்றியும் ஒரு வார்த்தை. 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதன்பேரில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 200 படுக்கைக்கு மேலுள்ள தனியார் ஆஸ்பத்திரி அந்த மாநில அரசு நர்ஸுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும், 50 படுக்கைக்குக் குறைந்த இடமானாலும் மாதம் இருபதாயிரத்துக்குக் குறையக் கூடாது என்று அது பரிந்துரைத்தது. அமல் செய்யும் பொறுப்பு மாநிலங்களிடம் போயிற்று. உங்கள் வீட்டில் நர்ஸ் இருந்தால் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள், மீதி உங்களுக்கே தெரியும். எங்கள் ரயில்வேயில் இந்த விஷயத்தில் நியாயம் உண்டு. டிப்ளமா நர்ஸானாலும் பட்டதாரி நர்ஸானாலும் ஏழாவது சம்பளக் கமிஷன்படி ஆரம்பச் சம்பளம் 44,900 ரூபாய்தான், வித்தியாசம் இல்லை. ஜூனியர் இன்ஜினியருக்கு 35,400-லிருந்து தான். நான் பணியில் இருந்தபோது இதைச் சொல்லிப் புலம்பிய இன்ஜினியர்கள் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு ரயில்வே ஆஸ்பத்திரியில் படுத்துப் பார்த்தபின் நான் புலம்புவதை விட்டுவிட்டேன்.

இன்னொரு வழி, எனக்கு மிகவும் பிடித்த வழி, இங்கே மைதான் கடியில் இருக்கும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். இந்திய நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரத்தோடு 1994-லேயே வேலை பார்க்கும் நர்ஸ்களுக்காக இந்தப் போஸ்ட் பேசிக் பட்டத்தைத் தொடங்கியது. குறைந்தது மூன்று வருஷம். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் டிப்ளமா முடித்தவருக்கு இரண்டு வருஷ அனுபவம் வேண்டும், பத்தாம் வகுப்போடு டிப்ளமா படித்த பழைய நர்ஸுக்கு ஐந்து வருஷம். நுழைவுத் தேர்வு உண்டு, 2024 ஜனவரியிலும் நடந்தது. பாடப் புத்தகம் வீட்டுக்கு வரும், கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும், குறிப்பிட்ட நாட்களில் கல்வி மையமாக இருக்கும் நர்சிங் கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்ச் செய்முறை செய்ய வேண்டும், பரீட்சை ஹாலில் உட்கார்ந்து எழுத வேண்டும். யோசித்துப் பாருங்கள், ஏட்டுப் பாடம் வீட்டில், கைப்பயிற்சி ஆஸ்பத்திரியில். இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு ஒரு குடும்பப் பெண்ணுக்கு வேறென்ன இருக்க முடியும்?

என் வருத்தம், இது ஒரு சிறு ஒற்றையடிப் பாதையாகவே நின்றுவிட்டது என்பதில்தான். மையங்கள் குறைவு, இடங்கள் குறைவு. பாடமும் பரீட்சையும் ஆங்கிலத்தில். செய்முறை நாட்களுக்கு லீவு கொடுக்க ஆஸ்பத்திரி முகம் சுளிக்கிறது. ஒரே பல்கலைக்கழகத்தின் தலையில் சுமையைப் போட்டுவிட்டு, மற்றவர்கள் எல்லாரும் 'நர்சிங் ஆன்லைனில் கூடாது' என்ற பலகையைக் காட்டி ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

அந்தப் பலகை யாருக்கு? பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வரும் பெண்ணுக்கு அது முற்றிலும் சரி. தபாலில் பாடம் படித்துவிட்டு ஒருவன் தண்டவாளம் பதிக்க வந்தால் நான் வேலைத்தளத்துக்குள்ளேயே விடமாட்டேன். ஆனால் ஊசி போடவும், காயத்துக்குக் கட்டுப் போடவும், பிரசவம் பார்க்கவும் மூன்று வருஷம் ஆஸ்பத்திரியிலேயே கற்று, தேறி, கவுன்சிலில் பதிவும் பெற்று, அதன்பின் ஒன்பது வருஷம் வார்டில் நின்றவளுக்கும் அதே பலகையா? பட்டத்துக்காக அவள் புதிதாகக் கற்க வேண்டியது பெரும்பாலும் ஆராய்ச்சி முறை, புள்ளியியல், நிர்வாகம், சமூக சுகாதாரம், கற்பிக்கும் முறை. இவற்றைத் திரையில் கற்பிக்கலாம். மத்திய அரசின் 'ஸ்வயம்' 2017-லிருந்து நடக்கிறது. சாதாரணப் பட்டப்படிப்புகளில் 40 சதவீதம் வரை மதிப்பெண் தகுதியை அதன் மூலம் பெறலாம் என்று 2021-ல் மானியக் குழுவே விதி செய்திருக்கிறது. நர்ஸுக்கும் அந்த அளவாவது கொடுத்தால் என்ன?

அமெரிக்காவில் நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு ஓர் உறவாவது இருக்கும். அங்கே இரண்டு வருஷப் படிப்பு படித்தவரும் நான்கு வருஷப் பட்டம் படித்தவரும் ஒரே லைசென்ஸ் தேர்வைத்தான் எழுதுகிறார்கள். லைசென்ஸ் வாங்கி வேலையில் சேர்ந்தபின், இரண்டு வருஷக்காரர் மீதிப் பட்டத்தை ஆன்லைனிலேயே முடிக்கிறார். 2010-ல் அங்குள்ள ஓர் உயர்நிலைக் குழு, 2020-க்குள் நர்ஸ்களில் 80 சதவீதம் பேர் பட்டதாரிகளாக வேண்டும் என்று இலக்கு வைத்தது. அந்தக் கெடுவுக்குள் அது எட்டவில்லை. ஆயினும் ஆயிரக்கணக்கானவர்கள் படித்தார்கள். நியூயார்க் மாநிலம் 2017 டிசம்பரில் ஒரு சட்டமே கொண்டுவந்தது. புதிதாகப் பதிவு பெறும் நர்ஸ் பத்து வருஷத்துக்குள் பட்டம் முடித்தாக வேண்டும். கவனியுங்கள், முதலில் வேலை, பிறகு பத்து வருஷம் அவகாசம். பட்டம் வேண்டும் என்று கேட்கிற சர்க்கார் அதற்கு நாளும் வழியும் கொடுக்கிறது.

நம் நாட்டில் கேட்பது மட்டும் நடக்கிறது. அகில இந்திய மருத்துவ நிறுவனங்களின் நர்ஸ் தேர்வைப் பாருங்கள். பட்டதாரி படித்து முடித்துப் பதிவு செய்த உடனே மனுப் போடலாம். டிப்ளமாக்காரர் 50 படுக்கைக்குக் குறையாத ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷ அனுபவம் காட்ட வேண்டும். இதில் தவறில்லை, அனுபவத்துக்கு ஒரு மதிப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று கூடச் சொல்லலாம். ஆனால் அனுபவத்துக்கு வேலைச் சந்தையில் மதிப்பு உண்டென்றால் படிப்பில் ஏன் இல்லை?

எதிர்த்தரப்பு வாதத்தையும் நான் கேட்டேன். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற மேட்ரன் அம்மா ஒருவர், கண்டிப்பானவர், சொன்னார்: "சார், பத்து வருஷம் தப்பாகச் செய்கிறவளும் அதை அனுபவம் என்றுதான் சொல்வாள். கை கழுவாமல் டிரெஸ்ஸிங் செய்கிறவளுக்கு வீட்டிலிருந்தே பட்டம் கொடுத்தால் அவளைப் பார்த்து நாலு பேர் பழகுவார்கள்." இதை நான் மறுக்க முடியாது. இருபது வருஷ அனுபவமுள்ள கீமேன் தினமும் ஒரே இடத்தில் தளர்ந்த சாவியைக் கவனிக்காமல் தாண்டிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் செய்முறையை விட்டுவிடச் சொல்லவில்லை. வேறு ஆஸ்பத்திரியில், வேறு ஆசிரியர் கண் முன்னால், அது நடக்கட்டும். பரீட்சை வீட்டுக் கணினியில் வேண்டாம், ஹாலில் நடக்கட்டும். தோற்பவர்கள் தோற்கட்டும். ஏட்டுப் பாடத்துக்காக ஒரு தாய் வேலையை விட வேண்டியதில்லை என்பதுதான் என் கட்சி.

1947-ம் வருஷத்து நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக, தேசிய ஆணையம் அமைக்கும் சட்டம் 2023-ல் நிறைவேறியிருக்கிறது. விதிகளைப் புதிதாக எழுதுகிற காலம் இது. நம் சங்கத்தில் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணி, ஒரு மனு எழுதிக் கொடுத்தால் குறைந்து போய்விட மாட்டோம். 1946-ல் இந்தியாவில் நர்சிங்குக்குப் பட்டப்படிப்பு ஆரம்பமான இடங்கள் இரண்டு, ஒன்று தில்லி, இன்னொன்று வேலூர். தில்லித் தமிழர்கள் இது பற்றிப் பேசுவதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது.

சர்க்கார் விதி மாறும்வரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஏனெனில் நம் வீட்டு ஆண்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். ஊரில் என்றால் பாட்டியோ அத்தையோ குழந்தையைப் பார்த்துக்கொள்வார்கள். இங்கே அவள் நைட் டூட்டி முடித்து வந்து, டிபன் பாக்ஸ் கட்டி, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் படுக்கிறாள். நான் ஏ.எம்.ஐ.இ. படித்த காலத்தில் என் மனைவி இரண்டு குழந்தைகளையும் பக்கத்து வீட்டில் உட்கார வைத்துவிட்டு எனக்கு வெளிக் கதவைச் சாத்திக் கொடுப்பாள். அப்படியும் நான் முடிக்கவில்லை. கதவைச் சாத்திக் கொடுக்க ஆளே இல்லாதவள் எப்படி முடிப்பாள்?

என் தங்கை மகள் ஏஜெண்டுக்குப் பணம் கட்டவில்லை. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் அடுத்த நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள். தமிழ் மீடியத்தில் படித்தவள், வார்டில் ஆங்கிலம் தட்டாமல் பேசுவாள், எழுதத்தான் பயம். வியாழக்கிழமைகளில் அவளுக்கு நான் பாடம் சொல்வதில்லை. அவள் எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்கிறேன், அவ்வளவுதான். முதல் வாரம் அவள் புருஷன், "நானும் வரணுமா மாமா?" என்றார். "நீங்க வர வேண்டாம் மாப்பிள்ளை, வீட்டில இருந்து குழந்தைகளுக்குத் தோசை சுட்டுக் குடுங்க" என்றேன். சுடுகிறார், கொஞ்சம் தீய்கிறதாம்.

அவளோடு வேலை பார்க்கும் இன்னும் மூன்று பெண்கள் வரலாமா என்று கேட்டிருக்கிறார்கள். என் வீட்டு முன்னறை போதாது. நம் சங்கக் கட்டடத்தில் ஞாயிறு காலை கீழே குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கிறது. அந்த இரண்டு மணி நேரம் தாய்மார்கள் வெளியே வராந்தாவில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, மேஜையும் எட்டு நாற்காலியும் உண்டு. சாவி செயலாளரிடம் இருக்கிறது. இந்த ஞாயிறு போய்க் கேட்பதாக இருக்கிறேன். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கக்கூடிய ஓய்வுபெற்ற ஆசிரியர் யாராவது உடன் வந்தால் நல்லது.